உருட்டறதெல்லாம் உருத்திராட்சமா?

ஏஞ்சாமி, உன்ற கட்டைவெரலுக்கு மாசம் என்ன சம்பளம் குடுக்கறே? கேக்கறன்னு கோவிச்சுக்காதே. காலங்காத்தால திண்ணையில உக்காந்து, மோதரமாட்டம் ஒரு மிசினை வெரல்ல மாட்டிக்கிட்டு டிக்கு டிக்குன்னு அமுக்கறே. கண்ணு இட்டேரிப் பக்கம் போற வண்டியப் பாக்குது, வாயி என்னமோ முணுமுணுங்குது, மிசினு ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யுது. நாளைக்குக் கைலாசத்துல கணக்கு முடிக்கறப்ப, புண்ணியம் முச்சூடும் வெரலோட பேருக்கே வரவு வெச்சுட்டாங்கன்னு வெய்யி. வெரலு உள்ள போயிரும், நீ வாசல்ல நிப்பே.

"பத்தாயிரம் முடிச்சுட்டனுங் அப்புச்சி"ன்னு நேத்துப் பொழுதோட வந்து சொன்னயே, எனக்கு நெம்ப சந்தோசம். என்ன கண்ணு ஆச்சுன்னு கேட்டன். மனசு சாந்தமாச்சுன்னே. சாந்தமான அந்த மனசோட, மோட்டாரு நிறுத்த மறந்துட்டான்னு உன்ற தம்பிய என்ன வார்த்தை கேட்டேன்னு எனக்குத் தெரியும், இந்தத் தூணுக்குத் தெரியும். அஞ்செழுத்துச் சொன்ன வாயி, அடுத்த நிமிசம் அத்தனை எழுத்தையுமில்ல சொல்லுச்சு!

கணக்கே வேண்டாங்கறயான்னு கேப்பே. வேணும். பெரியவங்க மாலையில 108 மணி கோத்து வெச்சது சும்மா இல்லெ. ஆனா அதுலயும் ஒரு வெசயம் வெச்சிருக்கறாங்க பாரு. நடுவுல மேருன்னு ஒரு மணி தனியா நிக்கும். அதத் தாண்டக்கூடாது. அது வந்துட்டா மாலையத் திருப்பிப் போட்டு வந்த வழியே போகோணும். ஏன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. என்ற புத்திக்குத் தோணறது இதுதான்: அந்த இடத்துல கை நின்னே ஆகோணும். நின்னாத்தான், "அட, இத்தனை நேரம் நாம எங்கடா போயிருந்தோம்"னு ஒருக்கா நெனப்பு வரும். உன்ற மிசினுல மேரு எங்க இருக்குது? பேட்டரி தீந்தாத்தான் உண்டு.

இன்னொண்ணு. மெதுவாச் சொல்லு சாமி. நீ சொல்றது நமசிவாயவா, நாமக்கல் பஸ்ஸுக்காரன் ஊர் பேரு கூவறதான்னு எனக்கே சந்தேகம் வந்துருது. 108-ஐ மூணு நிமிசத்துல முடிச்சுப்போட்டு எந்திரிக்கறே. கேட்டா, வெள்ளைக்காரனே ஆராய்ச்சி பண்ணிட்டானுங்கன்னு போனைக் காட்டறே. சரி, அந்த ஆராய்ச்சியவே எடுத்துக்குவோம். நீ பெருமையா நீட்டினயே தவிர, கீழ வரைக்கும் படிச்சயா? நான் கண்ணாடி போட்டு உன்ற தங்கச்சியப் படிக்கச் சொல்லிக் கேட்டன். 2001-ல இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில வந்தது. இத்தாலிக்காரரு லூசியானோ பெர்னார்டியும் கூட்டாளிகளும் 23 ஆளுகள உக்கார வெச்சு, மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் அளந்திருக்கறாங்க. என்ன சொல்லச் சொன்னாங்க தெரியுமா? ஒண்ணு, மாதா கோயில் செபமாலையில லத்தீன்ல சொல்ற மாதா மந்திரம். இன்னொண்ணு, திபெத்துக்காரங்க சொல்ற ஓம் மணி பத்மே மந்திரம். ரெண்டுலயும் மூச்சு நிமிசத்துக்கு ஆறுக்கு வந்து நின்னுருச்சு. ரத்த அழுத்தத்தச் சமன் பண்ற உள்வேலையும் சீராச்சு. நம்ம அஞ்செழுத்த அவங்க அளக்கவே இல்லெ. நீயோ நம்ம மதத்த நிரூபிச்சுட்டாங்கன்னு ஆபீசு முச்சூடும் அனுப்பியிருக்கறே. மாதாவுக்கும் புத்தருக்கும் ஒட்டுக்கா விளம்பரம் பண்ணிப்போட்டே, நல்லா இரு.

வெசயம் எங்க இருக்குதுன்னா, அந்த நிமிசத்துக்கு ஆறுல இருக்குது. ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி. அந்தப் பதத்துல சொன்னா 108-க்கு எத்தனை நேரம் ஆகும், கணக்குப் போடு, இஞ்சினீருக்குத்தான படிச்சே. பதினெட்டு நிமிசம். உன்ற மூணு நிமிசத்துல மூச்சு எங்க அடங்கறது, அது இளைக்கத்தான் இளைக்கும். சிதம்பரத்துல பொன்னம்பலத்துக் கூரையில 21,600 ஓடு, அது மனுசன் ஒரு நாளைக்கு விடற மூச்சுன்னு சொல்லுவாங்க. வகுத்துப் பாத்தா நிமிசத்துக்குப் பதினஞ்சு. சும்மா இருக்கறப்ப ஓடறது பதினஞ்சு, மந்திரஞ் சொல்றப்ப ஆறு. நடுவுல மிச்சமாகறதுதான் லாபம், அத வாங்கிக்கத் தெரியாம டிக்கு டிக்குங்கறே.

சுவீடன்காரங்க ஒருத்தங்க 2002-ல மூக்கால "ம்ம்ம்"னு முனகச் சொல்லி அளந்தாங்களாமா. மூக்குக்குள்ள ஊறற நைட்ரிக் ஆக்சைடுங்கற வாயு, சும்மா மூச்சு விடறதக் காட்டிலும் 15 மடங்கு எச்சா வந்துச்சாமா. சந்தோசம். அதுக்குன்னு முனகறவனெல்லாம் மகான்னு முடிவு கட்டிறாதே. அப்படிப் பாத்தா பூசணிப் பூவுக்குள்ள பொழுதுக்கும் ரீங்காரம் போடற வண்டு எப்பவோ சித்தி அடைஞ்சிருக்கோணும். இன்னொண்ணும் சொல்லிப்போடறன்: மூச்சு அடங்குது, பிரசரு கொறையுதுன்னு டாக்டரு குடுத்த மாத்திரையப் பொடக்காளியில வீசிப்போடாதே. மந்திரத்த மந்திரமாச் சொல்லு, மாத்திரைய மாத்திரையா முழுங்கு. ரெண்டுக்கும் சண்டை கெடையாது.

இந்தப் பலன் சமாச்சாரம் இருக்குதே, அதுதான் என்ற வயித்தெரிச்சல். சித்த நேரம் போனை எடுத்தாப் போதும், இத்தனை தடவை சொன்னா வீடு, இத்தனை தடவை சொன்னா வெளிநாடு, பதினோரு பேருக்கு அனுப்பு, பொழுது சாயறதுக்குள்ள பணம் வரும்னு அட்டவணை போட்டு அனுப்பறாங்க. ஒருக்கா நான் கேட்டன், "ஏனுங், அனுப்பறவருக்கு இன்னும் பணம் வரலீங்களா, நம்முளுக்கு எதுக்கு அனுப்பறாரு?"ன்னு. குரூப்புல இருந்தே எடுத்துப்போட்டாங்க. அதுல இன்னொரு ரகம் இருக்குது. மந்திரத்த ரகசியமாக் காதுல ஓதறனுங்க, ஆனா முன்னாடியே இத்தனை ஆயிரங் கட்டோணும்ங்கறாங்க. உன்ற பேருக்குன்னே தனியா ஒரு மந்திரமாமா! ரேசன் கார்டாட்டம்.

ராமானுசரு கதை தெரியுமில்ல உனக்கு? நம்ம மந்திரமில்ல அது, பெருமாள் மந்திரம், எட்டெழுத்து. சிவகங்கைச் சீமை திருக்கோட்டியூருக்கு, நம்பிங்கற ஆச்சாரியாரத் தேடி அவரு பதினெட்டு நடை நடந்ததாச் சொல்லுவாங்க. பதினெட்டாவது நடைக்குத்தான் மனசெறங்கி, யாருக்கும் சொல்லப்படாது, சொன்னா நரகம்னு சத்தியம் வாங்கிக்கிட்டு ஓதிக் குடுத்தாரு. இவரு என்ன பண்ணினாரு? கோயில் மேல ஏறி நின்னு ஊரையே கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாரு. நான் ஒருத்தன் நரகத்துக்குப் போனா இத்தனை சனம் கரையேறுமில்லன்னாரு. ஆச்சாரியாரே கட்டிப் புடிச்சுக்கிட்டாராமா. கோபுரத்து மேல இருந்து சும்மா வீசினத, இவங்க பொட்டலங் கட்டி விக்கறாங்க, நீ ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிட்டு வர்றே.

நம்முளுக்கு எட்டு வேண்டாம், அஞ்சு போதும். எழுத்தும் கம்மி, சிக்கனமும் ஆச்சு. சுத்தியும் அஞ்செழுத்துதான நமக்கு! இந்தக் கொடுமுடியில, காவேரி தெக்க வந்துட்டுக் கெழக்கால திரும்பற எடத்துல நின்னுதான சுந்தரரு அஞ்செழுத்தப் பதிகமாப் பாடிவெச்சுட்டுப் போனாரு. பொறந்ததுல இருந்து இந்த ஊருத் தண்ணியக் குடிச்சுப்போட்டு, அர்த்தம் தெரியோணும்னு யூடியூப்ல இந்திக்காரனக் கேக்கறே.

அர்த்தம் சொல்றன் கேளு. நம்ம கோயில் ஓதுவார் ஒருத்தரு எனக்குச் சொன்னது. வேதத்துலயே, கிருஷ்ண யஜுர் வேதத்துத் தைத்திரீய சம்ஹிதையில ஏழு காண்டம், நடுக்காண்டத்துல ஸ்ரீருத்ரம், அதுல எட்டாவது அனுவாகத்துல இந்த அஞ்சும் பொதிஞ்சு கெடக்குது. "சிவனுக்கு வணக்கம்", இதுதான் மேலோட்டமான பொருளு. அதோட போயிருந்தா நம்ம ஆளுக சும்மா இருப்பாங்களா? சைவ சித்தாந்தப் பெரியவங்க ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆள நிறுத்தி வெச்சாங்க. சி-ன்னா சிவன். வா-ன்னா அவனோட அருளு. ய-ங்கறது உயிரு, அதாவது நீயி. ந-ங்கறது நம்முள உலகத்துப் பக்கம் மறைச்சு வெக்கற சத்தி. ம-ங்கறது மலம், நம்மளோடவே ஒட்டிக்கிட்டு வர்ற அழுக்கு. உமாபதி சிவாச்சாரியாரு திருவருட்பயன்ல இதுக்குன்னே ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கறாரு.

இப்ப சிவாயநம-ன்னு வரிசையா எழுதிப் பாரு. நடுவுல நிக்கறது யாரு? நீ! அக்கட்ட அருளும் சிவனும், இக்கட்ட மறைப்பும் அழுக்கும். இட்டேரி நடுவுல நிக்கற வெள்ளாட்டப் பாத்திருக்கறயா? ஒரு பக்கம் தொண்டுபட்டி, இன்னொரு பக்கம் அடுத்தவன் சோளக்காடு. அது எங்கயும் போகலெ, நடுவுலதான் நிக்குது. ஆனா தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குதுன்னு பாத்தாவே, பொழுது சாயறதுக்குள்ள வேலி தாண்டி அடி வாங்குமா, வீடு வந்து சேருமான்னு ஆட்டுக்காரன் சொல்லிருவான். மந்திரஞ் சொல்றதுங்கறது அந்தத் தலையப் புடிச்சுத் திருப்பி விடறது, அவ்வளவுதான். அது ஒருக்கா திரும்பினா அப்படியே நிக்காது, மறுக்காவும் சோளத்தப் பாக்கும். அதுக்குத்தான் 108 தடவை. ஆட்டுக்குத் தலையத் திருப்பாம, எத்தனை தடவை "பா, பா"ன்னு சொன்னோம்னு மட்டும் எழுதி வெக்கற ஆட்டுக்காரன நான் உன்னத் தவர வேற எங்கயும் பாத்ததில்லெ.

நமசிவாய-ன்னு ந-வும் ம-வும் முன்னால வெச்சுச் சொல்றது உலகத்துல வாழறவனுக்கு, சிவாயநம-ன்னு சொல்றது வீட்டுக்குப் போகோணும்ங்கறவனுக்குன்னு ஒரு பாகுபாடும் பெரியவங்க வெச்சிருக்கறாங்க. நீ எதச் சொல்லட்டும்ங்கறயா? பிளாட்டுக்கு இன்னும் தவணை எத்தனை வருசம் பாக்கி? அப்ப மொதல்ல சொன்னதையே சொல்லு. வீடுபேறுன்னதும் வங்கிக்கடன் ஞாபகம் வர்றவனுக்கு ரெண்டாவது வேண்டாம்.

அப்பருசாமியக் கல்லுல கட்டிக் கடல்ல போட்டாங்களே, அதையும் பலன் கணக்குல சேத்துட்டே நீயி. "அந்தக் கல்லே மெதந்துச்சுங்க அப்புச்சி"ங்கறே. சரிடா கண்ணு, பெரியபுராணஞ் சொல்லுது, கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர்ல கரையேறினாரு, கரையேறவிட்டகுப்பம்னு பேரே நிக்குது. ஆனா அதுக்கு முன்னால நடந்ததயும் பாரு. சுண்ணாம்புக் காளவாயில அடைச்சாங்க, நஞ்சக் குடுத்தாங்க, ஆனைய ஏவி விட்டாங்க. எங்கயாச்சும் "நான் இத்தனை ஆயிரம் சொல்லியிருக்கறன், எனக்கு ஏன் இப்படி"ன்னு அவரு கேட்டாரா? உனக்கு இன்கிரிமெண்ட்டு ஒரு சதவீதம் கொறைஞ்சதுக்கு மூணு நாளு மாலையத் தொடலெ. சாமிக்கே வேலைநிறுத்தம் பண்ணினவன் நீ ஒருத்தந்தான். அப்பறம் ஒண்ணு, சோதிச்சுப் பாக்கறன்னு காலிங்கராயன் வாய்க்கால்ல குதிச்சறாதே. உனக்கு நீச்சல் தெரியாது, எனக்கு எழவு வீட்டுக்கு ஆகற செலவு தெரியும்.

சத்தமாச் சொல்லலாமா, மனசுக்குள்ள சொல்லலாமான்னு கேட்டயே. மூணு விதம் இருக்குது. அடுத்தவங்களுக்குக் கேக்கறாப்ல சொல்றது, ஒதடு மட்டும் அசையச் சொல்றது, ஒதடும் அசையாம மனசுக்குள்ள சொல்றது. சடங்கு வேள்வியக் காட்டிலும் மொதலாவது பத்துப் பங்கு, ரெண்டாவது நூறு பங்கு, மூணாவது ஆயிரம் பங்கு ஒசத்தின்னு மனுதர்ம சாத்திரத்துல எழுதியிருக்குதாமா. அந்த நூலோட மத்த பேச்செல்லாம் எனக்கு ஒத்துவராது, இது ஒண்ணு ஒத்துவருது. ஏன்னா இதுபடி பாத்தா மார்கழி மாசம் நாலரை மணிக்குக் கோயில் கூம்பு ஒலிபெருக்கியில போடறாங்களே, அதுதான் இருக்கறதுலயே கடைசி. அதுக்குக் கரண்ட் பில்லு வேற.

வாயே தொறக்காமச் சொன்னவரும் இருக்கறாரு. லால்குடிப் பக்கம் திருமங்கலத்துல ஆனாய நாயனாருன்னு ஒருத்தரு, மாடு மேய்க்கறவரு. அறுபத்துமூணு பேருல ஒருத்தரு. கொன்னை மரத்தப் பாத்துக்கிட்டே புல்லாங்குழல்ல அஞ்செழுத்த ஊதினாரு. மேஞ்சிட்டிருந்த மாடு மேய்ச்சல மறந்து நின்னுச்சு, மயிலும் பாம்பும் பகைய மறந்து ஒண்ணா நின்னுச்சுன்னு சேக்கிழாரு பாடியிருக்கறாரு. எனக்கு இதுல புடிச்சது என்னன்னா, அவரு மாட்ட விட்டுட்டுப் போய் ஊதலெ. மேய்க்கற வேலையிலயே ஊதினாரு. நீ என்னமோ செபம் பண்ற நேரத்துல, கரெக்டா தண்ணி திருப்பற நேரம் வருது, புள்ளைகளப் பள்ளிக்கூட வேனுக்குக் கொண்டுபோய் விடற நேரம் வருது. உன்ற பக்தி என்னமோ கடிகாரம் பாத்துத்தான் பொங்குது.

உள்ள அடுப்புகிட்ட நிக்கறாளே அம்மணி, அவளக் கவனிச்சிருக்கறயா? ஒரு பக்கம் தோசை, ஒரு பக்கம் டப்பா கட்டறது, பெரியவனுக்குச் சாக்ஸ் ஒத்தைதான் கெடைக்குது, சின்னவ பால்ல கைய விட்டுட்டா. "சிவ சிவா"ங்கறா. நீ திண்ணையில இருந்து "காப்பி ஆச்சா"ங்கறே. மறுக்காவும் "சிவ சிவா"ங்கறா. நீ அலுப்புல சொல்றான்னு நெனைக்கறே. சித்தாந்தக்காரங்களக் கேட்டுப் பாரு. அழுக்கையும் மறைப்பையும் தள்ளிப்போட்டு, சிவனும் அருளும் மட்டும் நிக்கற அந்தச் சொல்ல நமசிவாய, சிவாயநம ரெண்டுக்கும் மேல வெக்கறாங்க. உன்ற மிசினு பத்தாயிரத்துல நிக்குது. அவ எந்த நிலையில நிக்கறான்னு நான் சொன்னா நீ வருத்தப்படுவே.

பலனே இல்லியான்னு கேட்டா, இருக்குது கண்ணு. நான் மட்டும் எதுக்குச் சொல்றன்? சுந்தரரு இங்க நின்னு பாடினதுல இருக்கறது அதுதான். நான் மறந்தாக்கூட என்ற நாக்கு மறக்காதுன்னாரு. பல பாட்டுல பொன்னு குடு, பொருளு குடுன்னு கேட்ட மனுசன் அவரு. நண்பருகிட்டக் கேக்கறாப்ல நெல்லு கேட்டாரு, அத ஏத்த ஆளும் கேட்டாரு. அவரு கொடுமுடிக்கு வந்து எதையும் கேக்காம, நாக்குக்குப் பழக்கமாயிருச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போறாருன்னா, அதுல எத்தனை இருக்கோணும் பாரு.

நாக்கு சும்மா இருக்காது. அது எதயாச்சும் செபிச்சுக்கிட்டேதான் இருக்கும். போன நோம்பிக்கு நீ இந்தத் திண்ணையில படுத்துத் தூங்கினப்ப ராத்திரி முச்சூடும் என்னென்ன சொன்னேன்னு நாந்தான கேட்டுட்டு இருந்தன்? டெட்லைன், டெட்லைன்னு. சம்பந்தருசாமி தூங்கறப்பவும் முழிச்சிருக்கறப்பவும் அஞ்செழுத்தச் சொல்லுன்னு பூணூல் கல்யாணத்துலயே பாடினாரு. தூக்கத்துல எப்படிங்க சொல்லறதுன்னு நீ சிரிச்சே. நீயேதான் சொல்லிக்கிட்டு இருக்கறயே, மந்திரந்தான் வேற. கால்ல முள்ளுக் குத்தறப்ப உன்ற வாயில மொதல்ல என்ன வருதுன்னு பாரு, நீ இத்தனை வருசமா எத உருப்போட்டேன்னு தெரிஞ்சு போகும். எனக்கு என்ன வருதுன்னு கேக்காதே. பத்துக்கு ஆறு தடவை நல்லதுதான் வருது. மீதி நாலு, உன்ற ஆத்தா காதுல விழுந்து அவ ரெண்டு நாளு சோறு போடலெ.

செய்யறதா இருந்தா இப்படிச் செய்யி. போனைத் தொடறதுக்கு முன்னால. பல்லு வெளக்கிப்போட்டு, ஒரே ஒரு மாலை. ஒரு மூச்சுக்கு ஒண்ணு, வெசையாப் போகாதே. நெனப்பு எங்கயாச்சும் ஓடிச்சுன்னா திட்டாதே, கூட்டிக்கிட்டு வா. ஆருக்கும் சொல்லாதே. ஸ்டேட்டஸ்ல போடாதே. எனக்கும் சொல்ல வேண்டாம், நீ சொன்னயா இல்லியான்னு உன்ற தம்பிகிட்டப் பேசறதுல இருந்து நான் கண்டுபுடிச்சுக்கறன். குளிக்காமச் சொல்லலாமா, சைவம் சாப்பிடோணுமான்னு சட்டம் பேசாதே. கொலை பண்ணினவனாவே இருந்தாலும் சொல்லலாம்னு அதே சம்பந்தரு கடைசியில, ஆச்சாபுரத்துக் கல்யாணத்துல பாடியிருக்கறாரு. நாட்டுக்கோழி தின்னதுக்கெல்லாம் அங்க தனியா வழக்கு நடக்காது.

மிசினை என்ன பண்றதுங்கறயா? எனக்குக் குடு. தெக்கால மஞ்சக்காட்டுல களையெடுக்க ஆளுக வந்திருக்குது, எத்தனை பேருன்னு ஒவ்வொரு நாளும் மேஸ்திரி ஒரு கணக்கு, நான் ஒரு கணக்கு, அமுக்கிப் பாத்துக்கறன். நீ எந்திரிச்சு அவங்களுக்கு டீ வாங்கிட்டு வா. பத்துப் பேருக்கு, ரெண்டு சக்கரை இல்லாம. சில்லறை இல்லியா? ஜிபே அட்டையத்தான் டீக்கடையில பாலு பாத்திரத்துக்கு மேலயே ஒட்டி வெச்சிருக்கறான், வெரலுக்கு நல்லாப் பழக்கமான வேலைதான், போயிட்டு வா.